மலைப் பயணமும் காலமறிதலும்

கல்லூரி அன்னையின் விழாவை எவ்வாறு கொண்டாடுதல் தகும் என்னும் வினாவுக்குப் பழைய மாணவர் பலர் பலவாறு விடை கூறியுள்ளனர். மண்டபம் எழுப்புதல், நூலகத்தைப் பெருக்குதல், வறிய மாணவர்க்கு உதவிநிதி நிறுவுதல் ஆகியன அவற்றுட் சில. இவற்றோடு, இளைஞராயுள்ள பழைய மாணவர் சிலர் புதியதொரு கருத்தையும் முன்வைத்துள்ளனர். கண்டி மாநகரை அடுத்த ஹந்தானையில் தொடங்கி, தேயிலைத் தோட்டங்களினூடே வளைந்து சென்று, நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைவழியைப் பழைய மாணவரும் மேல்வகுப்பு மாணவரும் ஆசிரியரும் ஒருங்கு சேர்ந்து நடந்து முடித்தல் வேண்டும் என்பதே அது. முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அவ்வழி 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. நம் முன்னோர் கொழுந்துக் கூடை சுமந்து நடந்த பழைய வண்டிப் பாதைகளே அதன் பெரும்பகுதியாகும்.

கருத்து மிக நன்று. அதனை நாம் முழுமனத்தோடு வரவேற்கின்றோம். ஆயின், எப்பொழுது நடப்பது என்று வினவியபோது, "டிசெம்பர் விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டிலுள்ளோரும் அப்பொழுதுதான் வருவர்" என்று உடனே விடை வந்தது. அவ்விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. நாம் கூற விரும்புவது யாதெனில், மலைப் பயணத்துக்கு நாள் குறிக்க வேண்டியது விடுமுறை அட்டவணையன்று. மலையின் பருவமே அதனைக் குறித்தல் வேண்டும் என்பதாம். கல்லூரியின் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லும் பயணமாதலின், இது வெறும் வசதி பற்றிய வழக்கு அன்று, உயிர் பற்றியதுமாகும்.

குளிர்நாட்டார் இதனை எங்ஙனம் செய்கின்றனர் என்பதை முதற்கண் நோக்குவோம். கனடாவில் வாழும் நமது பழைய மாணவர் ஒருவர் தாயகம் வந்திருந்தபோது, அந்நாட்டில் மாரிக்காலத்தில் மக்கள் மேற்கொள்ளும் நெடும் பயணங்களைப் பற்றி நமக்கு விரித்துரைத்தார். சக்கரத்துக்குப் பதிலாக முன்னே சறுக்குக் கட்டைகளும் பின்னே சுழலும் பட்டையும் பூண்ட ஸ்னோமொபைல் என்னும் பனிவண்டியில் ஏறி, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் அவர்கள் செல்வார்களாம். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் அவ்வண்டிகளுக்கென ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளமான தடங்கள் உள. ஒவ்வொரு தடத்தின் நிலையும் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களால் அவ்வப்போது அறிவிக்கப்படும். பச்சை திறந்த தடம். மஞ்சள் விழிப்போடு செல்ல வேண்டிய தடம். சிவப்பு மூடிய தடம். பனி போதியதாய் இறுகவில்லையாயினும், ஏரியின் மேற்படிந்த பனிக்கட்டி மெலிந்ததாயினும் தடம் மூடப்படும். எத்துணைப் பொருள் செலவிட்டுத் தங்குமிடம் ஒழுங்கு செய்திருப்பினும், சிவப்பு விழுந்த தடத்தில் அறிவுடையோர் வண்டியைச் செலுத்தார்.

மேற்கே மலைப்பாங்கான பிரித்தானிய கொலம்பியாவில் இவ்விழிப்பு இன்னும் மிகுதி. அங்கே பனிச்சரிவு பற்றிய முன்னறிவிப்பு மாரிக்காலத்தில் நாடோறும் வெளியாகின்றது. அபாயம் 1 முதல் 5 வரையுள்ள படிகளால் குறிக்கப்படும். பழைய பனிப்படையின் மேல் புதுப்பனி வீழ்ந்து, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்குமாயின், மேற்படை தன் பாரத்தாலேயே வழுக்கி வீழ்ந்துவிடும். காற்று ஒருபுறத்துப் பனியை வாரி மறுபுறத்தில் குவித்தாலும், வெயில் திடீரென ஏறினாலும் இவ்வாறே நேரும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிக ஆபத்தானவை. ஆதலால் பயணிகள் முதலில் பனியின் நிலையை அறிந்து, பின்னர் வழியைத் தெரிந்து, இறுதியில் நாளைக் குறிக்கின்றனர். புதையுண்டாரைக் கண்டறியும் ஒலிபரப்புக் கருவியையும், துழாவுகோலையும், மண்வாரியையும் ஒவ்வொருவரும் தம்மோடு கொண்டு செல்கின்றனர். இத்துணை ஆயத்தம் செய்த பின்னரும், காலையில் அறிவிப்பு மாறியதெனின் வண்டியைக் கொட்டிலில் நிறுத்திவிடுகின்றனர்.

பனியோடு பழகியவர்க்கும் பனி இரங்குவதில்லை. 2016 பெப்ரவரி 3ஆம் நாள், இமயத்துச் சியாச்சின் பனிப்பரப்பில் ஏறத்தாழ 6,000 மீற்றர் உயரத்திலிருந்த காவலிடம் ஒன்றின் மீது பனிச்சரிவு வீழ்ந்து, இந்தியப் படையின் மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர் புதையுண்டனர். தமிழ்நாட்டுப் புதல்வரும் அவருள் இருந்தனர். கடமையின்பொருட்டு அங்கே நின்றவர்க்கு நாளைத் தெரிந்தெடுக்கும் உரிமை இல்லை. இன்பத்தின்பொருட்டு மலை ஏறுவோர்க்கோ அவ்வுரிமை முழுவதும் உண்டு. அதனைப் பயன்படுத்தாமை பேதைமையாகும்.

"நம் நாட்டிற் பனிமலை இல்லையே, இவற்றை ஈண்டு உரைப்பானேன்?" என்று மாணவர் வினவக்கூடும். தமிழிற் பனி என்னும் ஒரு சொல்லே புல்நுனியிலுள்ள துளியையும், பள்ளத்தாக்கை மூடும் புகாரையும், இமயத்து வெண்குவையையும் குறித்து நிற்கின்றது. அடை கொடுத்தே நாம் அவற்றை வேறுபடுத்துகின்றோம். அவ்வாறு அமைந்த சொற்களுள் பனிச்சரிவு ஒன்று. அதனோடு ஒத்த மண்சரிவு என்னும் சொல்லை நம் மலைநாட்டில் அறியாதார் இலர். சொல் ஒத்தது போலவே பொருளும் ஒத்துள்ளது. அங்கே பனிப்படையின் மேற் பனிப்படை. இங்கே பாறையின் மேல் மண்படை. மழைநீர் மண்ணுள் இறங்கி நிறையுந்தோறும் மண்ணின் பாரம் ஏறுகின்றது. அதன் பிடிப்புத் தளர்கின்றது. ஓரெல்லை கடந்ததும் மலை வழுக்கி வீழ்கின்றது. அவர்களுக்குப் பனியறிதல் எவ்வளவு இன்றியமையாததோ, நமக்கு மழையறிதல் அவ்வளவு இன்றியமையாதது.

இனி, நமது மலையின் பருவத்தை ஆராய்வோம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பண்டைத் தமிழர் ஆண்டை ஆறாக வகுத்தனர். அவற்றுள் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சி நிலத்துக்குரிய பெரும்பொழுதுகளாகத் தொல்காப்பியர் வைத்தார். அப்பகுப்பு தமிழகத்துக்குப் பெரிதும் பொருந்துவது. ஹற்றனிலிருந்து நோக்குவார்க்கோ வைகாசியும் ஆனியுமே கார்காலமாகத் தோன்றும். காரணம் வெளிப்படை. மத்திய மலைத்தொடர் தீவின் நடுவே சுவர்போல் எழுந்து நிற்கின்றது. மே மாதந்தொட்டுச் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, வட்டவளை, கினிகத்தேனை, ஹற்றன், நோர்வூட் முதலிய மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது வறண்ட காற்றாகி விடுகின்றது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றோ உடப்புசல்லாவை, பதுளை முதலிய கிழக்குச் சரிவுகளை நனைத்து, மேற்கே வெயிலை விடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவெம்பர் மாதங்களிலும் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் கூடிய மழை பெய்யக்கூடும். நவெம்பரிலும் டிசெம்பரிலும் வங்கக் கடலிலெழும் புயல்களின் அச்சமும் உண்டு.

ஆகவே, மலைநாட்டுக்கு முகம் இரண்டு, பருவமும் இரண்டு. பெக்கோ நடைவழியோ இரு முகங்களையும் தழுவிச் செல்வது. கலஹா, லூல்கந்துர, தவலந்தென்னை, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம எனச் செல்லும் முற்பகுதி பெரும்பாலும் மேற்கு முகத்தது. ஹப்புத்தளை, எல்ல, உடப்புசல்லாவை எனச் செல்லும் பிற்பகுதி கிழக்கு முகத்தது. இரண்டுக்கும் ஒருங்கே பொருந்தும் ஒரு திங்களைத் தேடுவது வீண்முயற்சியாம்.

இவ்வுண்மையை அறிதற்கு வானிலை நூல் கற்றல் வேண்டுமென்பதில்லை. தேயிலையே நமக்கு அதனைக் கற்பிக்கும். ஹற்றன், டிக்கோயா, பொகவந்தலாவை ஆகிய திம்புலைப் பகுதித் தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரையில் மிகச் சிறந்த சுவையுடையதாகின்றது. ஊவாத் தேயிலைக்கு அச்சிறப்பு ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் வாய்க்கின்றது. மழை குன்றி, வறண்ட குளிர்காற்று வீசும்போது செடி விரைந்து துளிர்ப்பதில்லை. மெல்ல வளரும் அக்கொழுந்தில் மணமும் சுவையும் செறிகின்றன. எனவே, எத்தோட்டத்திற் சுவைமிக்க தேயிலை கிடைக்கும் பருவமோ, அத்தோட்டத்து வழி உலர்ந்திருக்கும் பருவமும் அதுவே. நம் தாய்மாரும் தந்தைமாரும் கொழுந்தின் நிறையைக் கொண்டே மழையை அளந்தவர்கள். அவர்தம் அறிவே நமக்கு முதற் பஞ்சாங்கம்.

முன்னோர் இதனை அறிந்தே ஒழுகினர் என்பதற்குச் சிவனொளிபாதமலை யாத்திரை சான்று பகரும். 2,243 மீற்றர் உயரமான அம்மலைக்குச் செல்லும் பருவம் டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு நிறைவெய்துகின்றது. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைத் தாக்குமுன் யாத்திரை முடிந்துவிடுகின்றது. மலையைத் தெய்வமாகக் கண்டவர்கள், அதன் காலத்தையும் மதித்தனர்.

உலர்ந்த பருவத்துக்கும் அதற்குரிய இடர்கள் உண்டு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகின்றது. குளிர்ந்த காற்று பாரமுடையதாதலின் மேட்டிலிருந்து வழிந்து பள்ளங்களிற் தேங்குகின்றது. அதனால் நுவரெலியா, அம்பேவளை, ஹோர்ட்டன் சமவெளி முதலிய இடங்களில் விடியற்காலையிற் புல் வெளுத்துத் துகள் உறைபனி படிகின்றது. தேயிலைத் தளிரும் கருகிவிடுகின்றது. கொழும்பிலிருந்து மெல்லிய சட்டையோடு வரும் அன்பர்கள், ஆயிரம் மீற்றர் ஏறுந்தோறும் ஆறேழு பாகை குளிர் கூடுமென்பதை மறத்தலாகாது. இரவு தங்குமிடம் பள்ளத்தில் அமையாது, சற்றே மேட்டில் அமைதல் நன்று.

வறட்சியின் வேறோர் இடர் தீயாகும். 2018 மார்ச் 11ஆம் நாள், தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடலாகாது. சென்னை முதலிய நகரங்களிலிருந்து வார இறுதி விடுமுறையிற் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஏறிச் சென்றோர், திரும்புங்கால் காய்ந்த புல்லிற் பரவிய காட்டுத்தீயில் அகப்பட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் கல்வியும் தொழிலும் உடைய இளைஞர். வார விடுமுறை அவர்களுக்கு இசைந்திருந்தது, மலை இசையவில்லை. ஊவாவின் புல்மேடுகளும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை எளிதில் தீப்பற்றும் தன்மையன. அங்கே நடப்போர் அடுப்பு மூட்டாதிருத்தலும், காற்று வீசும் திசையை நோக்கி நடத்தலும் கடனாகும்.

நிற்க. டிசெம்பர் மாதம் ஏன் கூடாது என்பதை இனிக் கூறுவோம். 2025 நவெம்பர் இறுதியிற் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, மலைநாட்டிற் சிலவிடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதிலும் நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். பாதைகளும் மலைநாட்டுப் புகையிரத வழியும் பலவிடங்களிற் சிதைந்தன. அதற்கு முன்னர், 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகள் மண்ணுட் புதைந்ததை நாம் அனைவரும் அறிவோம். இவை இரண்டும் ஆண்டின் இறுதிக் காலாண்டிலேயே நிகழ்ந்தன என்பதை உன்னுதல் வேண்டும். மண் நனைந்து தளர்ந்து நிற்கும் அக்காலத்தில், மழை விட்ட மறுநாளும் மலை சரியக்கூடும்.

கனடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு உள்ளது போன்றே நமக்கும் அளவுகோல் உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று படிகளில் விடுக்கின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஆயின் ஆயத்தமாதல் வேண்டும். 150 ஆயின் அபாயமுள்ள சரிவிலிருந்து வெளியேறல் வேண்டும். தித்வா நாளிற் சிலவிடங்களிற் பெய்த மழை, வெளியேறுதற்குரிய அளவினும் இருமடங்காயிருந்தது. இவ்வளவுகளை மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் மனனம் செய்தல் நலம். வாய் அகன்ற நேரான பாத்திரமும் அடிமட்டமும் இருப்பின் மழையைத் தாமே ஏறத்தாழ அளக்கலாம். அன்றியும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல், புதிய ஊற்றுத் தோன்றுதல் அல்லது பழையது வற்றுதல், நிலத்தில் வெடிப்பு விடுதல், மரமும் கம்பமும் சாய்தல் ஆகியன மலை தன் தளர்ச்சியைக் காட்டும் குறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் குழு அவ்வழியை விட்டு விலகுதல் வேண்டும்.

நமது விடுமுறைகள் மூன்றையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். டிசெம்பரிற் கிழக்கு முகம் நனைந்திருக்கும், புயலச்சமும் நீங்கியிராது. ஏப்ரலில் காலை தெளிவாயிருப்பினும் பிற்பகல் மின்னல் கொடியது. நுவரெலியாவிற் கூட்டமும் மிகுதி. ஓகஸ்ட்டில் மேற்கு முகத்தில் மழையும் அட்டையும் மலிந்திருக்கும். கிழக்கு முகமோ காற்று மிகுந்ததாயினும் உலர்ந்திருக்கும். ஆகவே, முழுவழிக்கும் எந்த விடுமுறையும் பொருந்தவில்லை. கிழக்குப் பகுதிக்கு மட்டும் ஓகஸ்ட் பொருந்துகின்றது.

ஆதலின் நமது யோசனை இது. நெடுநடையை இரண்டாகப் பகுத்தல் வேண்டும். ஹந்தானை முதல் டயகம வரையுள்ள மேற்குப் பகுதியைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், ஹப்புத்தளைக்கு அப்பாலுள்ள கிழக்குப் பகுதியை ஓகஸ்ட்டிலும் நடத்தல் வேண்டும். பெப்ரவரியிற் பாடசாலை நடைபெறுமே எனின், வார இறுதிகளையும் சிவராத்திரி, பௌர்ணமி விடுமுறைகளையும் பயன்படுத்தலாம். அனைவரும் எல்லா நாளும் நடத்தல் வேண்டா. கல்லூரியை விட்டகன்ற ஆண்டின்படி பழைய மாணவர் குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு இரண்டு பகுதிகளாக ஏற்று, தொடரோட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போலக் கல்லூரிக் கொடியைக் கைமாற்றிச் செல்லலாம். ஒவ்வொரு குழுவுக்கும் குறித்த வார இறுதியோடு மாற்று வார இறுதி ஒன்றும் முன்னரே ஒதுக்கப்படல் வேண்டும். மழை முதலாவதைக் கெடுத்தால் இரண்டாவது உண்டு. இரண்டும் கெட்டால் அப்பகுதி அடுத்த ஆண்டுக்கு நிற்கட்டும். விழா மலர் அச்சேறிவிட்டது என்பதற்காக மலையை விரைவுபடுத்த எவராலும் இயலாது.

பாடக்குறிப்பு எழுதாது வகுப்பறைக்குட் புகுதல் கூடாதென்று ஆசிரியர் கலாசாலையில் நமக்குப் பயிற்றினர். மலையும் ஒரு வகுப்பறையே. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளில் குறிப்பு எழுதுதல் வேண்டும். காலை ஆறு மணிக்குப் புறப்படுதல்; பிற்பகல் ஒரு மணிக்குள் கூரையின்கீழ் அடைதல்; இடையே வழியை விட்டிறங்கித் தோட்டப் பாதையை அடையத்தக்க இடங்கள்; அருகிலுள்ள வைத்தியசாலை; நீர் கிடைக்குமிடம்; குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம் ஆகிய யாவும் அதில் இடம்பெறல் வேண்டும். முதல்நாள் மாலையும் புறப்படும் காலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் படித்து, அதன்கீழ்ப் பொறுப்பாசிரியர் கையொப்பமிடல் வேண்டும். திரும்புவோம் என்று கூறும் உரிமை குழுவின் தலைவர்க்கு மட்டுமன்றி, வழிகாட்டும் தோட்டத் தொழிலாளிக்கும், குழுவில் மிக இளைய மாணவனுக்கும் உண்டென முன்னரே உரைத்துவிடல் வேண்டும். ஒருவர் அச்சொல்லைக் கூறியபின் வாதம் கூடாது.

இதற்கு எழக்கூடிய தடைகளை நாம் அறிவோம். "வெளிநாட்டிலுள்ளோர் பல மாதங்களுக்கு முன்பே விமானச்சீட்டு வாங்கிவிடுகின்றனர், அவர்களை ஏமாற்றலாமா?" என்பது ஒன்று. ஓகஸ்ட்டில் வருவோர்க்குக் கிழக்குப் பகுதி காத்திருக்கின்றது. டிசெம்பரில் வருவோரை மலைமேல் ஏற்றாது, கல்லூரியில் மாணவரோடு உரையாடச் செய்வோம். அன்று காலை வானம் தெளிந்திருப்பின் அண்மையிலுள்ள தோட்டத்துக்குச் சிறுநடை செல்லலாம். அவர்களை மீண்டும் குடும்பத்தாரிடம் நலமே அனுப்பிவைத்தல் நாம் அவர்க்குச் செய்யும் பெருவிருந்தாகும்.

"பஸ்ஸுக்குக் கொடுத்த முற்பணம் போய்விடுமே" என்பது மற்றொன்று. கணக்குத் தாளில் உணவு, ஊர்தி என்பவற்றோடு ஒத்திவைப்புச் செலவு என்றொரு வரியை முதலிலேயே எழுதிவைத்தால், பின்னர் அதனை இழப்பென்று கருதும் மனம் எழாது. முற்பணத்துக்கு அஞ்சி மழையிற் புறப்படுவோர், சிறு தொகையைக் காக்கப் பெரும் பொருளைப் பணயம் வைப்போராவர்.

"வானிலை அறிவிப்புப் பலகாற் பொய்த்துவிடுகின்றதே" என்பது மூன்றாவது. உண்மை, மலையிடுக்குகளில் மழை ஒரு தோட்டத்திற் பெய்து மறுதோட்டத்திற் பெய்யாதொழியும். மழையென்று கூறிய நாளில் வெயில் எறித்தால் நாம் இழப்பது ஒருநாள் நடையே. வெயிலென்று நாமாகத் துணிந்து சென்ற நாளில் மலை சரிந்தால் இழப்பது எதுவென்று பெற்றோர் அறிவர். "இத்தனை ஆண்டும் டிசெம்பரில் தானே சென்றோம், யாது நேர்ந்தது?" என்று கூறும் அன்பர்க்கு, சரிந்த மலைகளும் சரியுமுன் பல்லாண்டு அசையாது நின்றவையே என்பதை நினைவூட்டுகின்றோம். வள்ளுவர் காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து, அவற்றை அடுத்தடுத்து வைத்தார். மன்னனுக்குரைத்த அவ்வறம் மலையேறும் மாணவனுக்கும் உரியது.

இறுதியாக ஒன்று. இந்நெடுவழி யாருமற்ற கானகத்தினூடே செல்வதன்று. லயன் வாசல்களை ஒட்டியும், மாரியம்மன் கோயில் முற்றங்களைக் கடந்தும், பெண்கள் கொழுந்து பறிக்கும் மலைகளின் ஓரமாகவும் அது செல்கின்றது. மழை வருமெனின் நாம் பயணத்தைப் பிறிதொரு வாரத்துக்குத் தள்ளிவைத்து வீட்டில் அமர்ந்திருப்போம். அவ்வழியில் வாழும் மக்களோ படங்கைச் சுற்றிக்கொண்டு அம்மழையிலேயே மலைக்குச் செல்கின்றனர். இரவில் அதே சரிவின்கீழ் உறங்குகின்றனர். நம் மாணவருட் பலர் அந்த லயன்களிலிருந்து வருபவரே. ஆதலால் நடப்போர் அம்மக்களை வழிகாட்டிகளாக ஏற்று, உரிய ஊதியத்தைக் குறைவின்றி வழங்குதல் வேண்டும். எந்த ஓடை எப்பொழுது பெருகும், எந்தத் திருப்பத்தில் மண் உதிரும் என்பதை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும். கேட்டறிந்ததை மாணவர் எழுதி, சரிவுகளின் வெடிப்பையும் சாய்ந்த மரங்களையும் குறித்து, கிராம அலுவலரிடமும் தோட்ட நிருவாகத்திடமும் கையளிப்பாராயின், நம் விழாநடை அவர்கட்கும் பயன்படும். பாதுகாப்பான இடத்தில் அவர்களுக்குக் காணியும் வீடும் வேண்டுமென்னும் நெடுநாட் கோரிக்கைக்கு, நேரிற் கண்டு எழுதிய குறிப்புகள் வலுவூட்டும்.

பழைய மாணவர்காள்! மாணவச் செல்வங்காள்! மலை நமக்குப் புதிதன்று. அதன் மடியிற் பிறந்தோம்; அதன் நிழலிற் கற்றோம். அதனை ஒருமுறை முழுவதும் நடந்து காணும் ஆசை மிகச் செவ்வியது. மேற்கே கொழுந்து சுவைக்கும் மாசியில் மேற்கிலும், கிழக்கே கொழுந்து சுவைக்கும் ஆவணியில் கிழக்கிலும் நடப்போம். விழாக்குழுவினர் நாட்குறிப்பை இறுதிசெய்யுமுன் இவ்விரு பருவங்களையும் மாற்று நாட்களையும் அதிற் சேர்த்துக்கொள்வார்களாக. ஹந்தானையிற் கொடியேந்திப் புறப்படும் முதற் குழுவும், நுவரெலியாவில் அதனை ஊன்றும் இறுதிக் குழுவும் ஒருவர் குறையாது கல்லூரி மண்டபத்திற் கூடும் நன்னாளைக் காண விழைகின்றோம்.

வாழ்க கல்லூரி அன்னை! ஓங்குக அவள் மக்கள் ஒற்றுமை!